இருங்க வைரக்கண்ணு

கோடியக்கரைக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் வைரக்கண்ணுவின் வாயிலிருந்து அதிகமாகக் கேட்கிற வார்த்தை "இருங்க" என்பதுதான். வண்டியை விட்டு இறங்குவதற்குள் மான் எங்கே என்பார்கள். இருங்க, வரும் என்பார். பூநாரைக் கூட்டம் அவ்வளவு தள்ளி நிற்கிறதே, கிட்டே வராதா என்பார்கள். இருங்க, தண்ணி ஏறட்டும் என்பார். யாராவது போட்டோ எடுக்கிற ஆசையில் சேற்றில் கால் வைத்தால் ஒரு இருங்க, பிள்ளைகள் கத்தினால் ஒரு இருங்க, போதும் கிளம்பலாம் என்று டிரைவர் சாவியைத் திருகினால் அவருக்கும் ஒரு இருங்க. சரணாலயத்தில் வழிகாட்டிகள் வேறு சிலரும் இருந்ததால் அடையாளத்துக்கு இவருக்கு "இருங்க வைரக்கண்ணு" என்று பெயர் விழுந்துவிட்டது. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. ஒரு ஊரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டினவனுக்குப் பட்டப்பெயர் இல்லாமல் போகுமா? அந்த ஊரில் மற்றவர்களுக்கு வைத்திருக்கிற பெயர்களைக் கேட்டால் இது எவ்வளவோ தேவலை.

ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் தாராளமாகச் சொன்ன அந்த வார்த்தையைப் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டிய நாள் ஒன்று வந்தது. அது காணும் பொங்கல்.

வைரக்கண்ணுவுக்குச் சொந்த ஊர் கீழ்வேளூர் பக்கம். வாய்க்காலும் வரப்புமாக வளர்ந்த ஆள். கோடியக்காட்டு அம்சம் வீட்டுக்கு ஒரே பெண் என்பதால் கல்யாணம் முடிந்த கையோடு மாமனார் வீட்டோடு வந்து தங்கிவிட்டார். வண்டல் மண்ணில் நடந்த கால் உப்பு மண்ணுக்குப் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை பார்த்தார். வெயிலில் மின்னுகிற உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கூச ஆரம்பித்தபோது, வனத்துறையில் உள்ளூர் ஆட்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்துகொண்டார். கழுத்தில் தொங்குகிற பைனாகுலர் ஆபீசுடையது. காக்கித் தொப்பி சொந்தம். மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்து, கஜா புயல் கொல்லையில் நின்ற மரங்களையெல்லாம் பிடுங்கிப் போட்டு, எல்லாம் ஆன பிறகும் அது அம்சத்தின் வீடுதான். தபால்காரரிலிருந்து மீன் விற்கிறவள் வரைக்கும் இவரை "அம்சம் வீட்டுக்காரர்" என்றுதான் சொல்வார்கள்.

அந்த அம்சம் அங்கே இல்லாமல் போய் வருஷங்கள் ஆகிவிட்டன என்பதுதான் இதில் வேடிக்கை.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அனுப்பி வைத்ததே வைரக்கண்ணுதான். மகள் செம்மொழி பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினாள். தஞ்சாவூரில் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. வயசுப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது, நீயும் கூடப் போ, படிப்பு முடிகிற வரைக்கும்தானே என்று இவர்தான் அம்சத்துக்கு எடுத்துச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள், அழுதாள், பிறகு போனாள். அங்கே ஒரு ஒண்டுக் குடித்தனம். சும்மா இருப்பானேன் என்று பெண்கள் ஹாஸ்டல் ஒன்றின் மெஸ்ஸில் காய் நறுக்கப் போனாள். பள்ளிக்கூடம் முடிந்து அதே ஊரில் காலேஜும் ஆயிற்று. செம்மொழி படித்து முடித்து ஓசூரில் வேலைக்கும் போய்விட்டாள். அம்சம் மட்டும் திரும்பி வரவில்லை. லீவு முடியட்டும் என்றாள். பிறகு, காய் நறுக்கப் புது ஆள் வரட்டும் என்றாள். பிறகு அவளும் சொல்வதை விட்டுவிட்டாள், இவரும் கேட்பதை விட்டுவிட்டார். தீபாவளிக்கு வருவாள். ஆடியில் ஒருநாள் இவர் பஸ் ஏறிப் போய் வருவார். மற்ற நாளில் சாயந்தரம் ஒரு போன். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா. இவ்வளவுதான் பேச்சு.

சொந்தக்காரர்கள் இல்லாத ஊர் என்றால்கூட மனுஷன் எங்கேயாவது கிளம்பிப் போய்விடலாம். கோடியக்காட்டில் எல்லாரும் சொந்தக்காரர்கள், ஆனால் எல்லாரும் அவளுக்குச் சொந்தக்காரர்கள். அவள் இல்லாத அவள் ஊரில், அவள் இல்லாத அவள் வீட்டில், அவள் வீட்டுக்காரர் என்ற பெயரோடு இவர் ஒண்டியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மழை நாளில் சரணாலயத்துக்கு ஆள் வராது. அன்றைக்கெல்லாம் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போய்விடும். படுக்கப் போகும்போது தொண்டையைக் கனைத்துப் பார்த்தால் குரல் கட்டியிருக்கும்.

பொங்கலுக்கு முன்னால் செம்மொழி போன் செய்தாள். அம்மாவை ஸ்டோர் பொறுப்பில் போடப் போகிறார்களாம். ஹாஸ்டல் மாடியிலேயே ஒரு ரூம் கொடுத்துவிடுவார்களாம். பொங்கல் லீவு முடிந்து திங்கட்கிழமை மெஸ் திறக்கும்போது வார்டனுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். அதற்குள் காணும் பொங்கலன்று மெஸ் பெண்கள் எல்லாரும் வேன் பிடித்து வேளாங்கண்ணி போய்விட்டு அப்படியே கோடியக்கரைக்கும் வருகிறார்களாம், அம்மாவும் வருகிறாளாம்.

"வரட்டும், நல்லா சுத்திக் காட்டுறேன்" என்றார்.

"அப்பா, நான் என்ன சொல்றேன்னு புரியிதா? அந்த ரூம்ப வாங்கிட்டாங்கன்னா அப்புறம் அம்மா வராது."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"இருன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். அம்மா தானா ஒருநாளும் கேக்காது. நீங்க வாயத் தொறந்து சொல்லணும்."

"அது அவ வீடு. அவ வீட்டுல அவ இருக்குறதுக்கு நான் சொல்லணுமா?"

"ஆமாம்ப்பா. சொல்லணும்" என்று செம்மொழி போனை வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து வைரக்கண்ணுவுக்குத் தலைக்கு மேல் வேலை. வீட்டுக்கு வெள்ளையடித்தார். கீல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்த குளியலறைக் கதவைச் சரிசெய்தார். வேதாரண்யம் போய் ஒரு மிக்ஸி வாங்கி வந்து அடுப்பங்கரையில் பார்வையாக வைத்தார். சைக்கிளில் காட்டுப் பாதையில் வரும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இரேன்" என்றால் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "இருக்கலாம்ல" என்றால் பட்டும் படாமலும் இருந்தது. "இருந்துட்டுப் போ" என்றால், அதிலேயே போ என்றும் வந்துவிடுகிறது. கடைசியில் மொட்டையாக "இரு" என்றே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். பாதையோரம் மேய்ந்துகொண்டிருந்த காட்டுக் குதிரை ஒன்று தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

காணும் பொங்கலன்று கோடியக்கரை தாங்காது. வேனும் காரும் பைக்குமாகச் சோதனைச் சாவடிக்கு வெளியே நீளமாக நிற்கும். கட்டுச்சோற்றுக் கூடையோடு கீழ்வேளூர், திருவாரூர் பக்கத்து ஜனமெல்லாம் வந்திறங்கும். வாடைக்காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. வைரக்கண்ணு விடிகாலையிலேயே கொடுவா மீன் வாங்கிக் குழம்பு கூட்டி வைத்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சாவடியில் வந்து நின்றார். இந்த ஒரு வேனைத் தவிர வேறு வண்டி ஏற மாட்டேன் என்று ஆபீசில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். சம்சாரம் வருதாமே என்று அங்கே எல்லாரும் அவரைக் கிண்டல் செய்தார்கள்.

வேன் வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக அம்சம் இறங்கினாள். கிளிப்பச்சைப் புடவை, தோளில் குறுக்காக மாட்டிய பை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி. கண்ணாடி எப்போது போட்டாள் என்று அவருக்குத் தெரியாது. தீபாவளிக்கு வந்தபோது இல்லை. கண்ணுக்கு என்ன என்று கேட்டிருக்கலாம்.

"நல்லாருக்கீங்களா?" என்றாள், கல்யாண வீட்டில் பார்த்த உறவுக்காரரைக் கேட்பதுபோல.

"இருக்கேன். வழியில அறுப்பு ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றார்.

"கீழ்வேளூர்ட்ட மெஷின் எறங்கியிருக்கு. உங்க ஊர்ப் பக்கம் கதிரெல்லாம் சாஞ்சு கெடக்கு."

"பனி அப்படி" என்றார். அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

வழிகாட்டி டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். பார்க்க வந்தவர்கள் பின்னால். வைரக்கண்ணு எத்தனையோ பேரை இப்படி முன்னால் உட்கார்ந்து அழைத்துப் போயிருக்கிறார். இன்றைக்கு முதுகில் யாரோ கை வைத்த மாதிரியே இருந்தது. வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டு வந்தார். இது பாலா மரம், சித்திரை வைகாசியில் பழம் பழுக்கும். அந்தப் பக்கம் முனியப்பன் ஏரி. அதோ கொம்பு முறுக்கிக்கொண்டு நிற்கிறதே, அது ஆண் வெளிமான், கறுப்பாக இருக்கும். பின்னாலிருந்து அம்சத்தின் சிரிப்பு கேட்டது. எதற்குச் சிரிக்கிறாள் என்று திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

சதுப்பு நிலத்தில் வேனை நிறுத்தினார்கள். பூநாரைகள் தூரத்தில் தண்ணீருக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. இவ்வளவுதானா என்றாள் ஒருத்தி. சிவப்பாக இருக்கும் என்றார்களே என்றாள் இன்னொருத்தி. சத்தம் போடாதீர்கள், காற்று நம் பக்கமிருந்து அடிக்கிறது, கொஞ்சம் இருங்க, பறக்கும்போது தெரியும் என்றார் வைரக்கண்ணு. கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். மறுபடி பேச ஆரம்பித்தார்கள். மறுபடி இருங்க என்றார்.

அந்தக் கூட்டத்தில் கயல்விழி என்று ஒரு பெண். சப்பாத்தி போடுகிறவள். வாய் சும்மா இருக்காது. அவள்தான் சொன்னாள்:

"அக்கா, உங்க வீட்டுக்காரரு எங்களையெல்லாம் இருங்க இருங்கங்குறாரு. உங்களத்தான் ஒரு வார்த்த இருன்னு சொல்ல மாட்டேங்குறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அம்சம் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வைரக்கண்ணு பைனாகுலரைக் கழற்றி அதன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

துடைத்ததை அவளிடம் நீட்டினார். பிறந்து வளர்ந்த ஊர்தான், ஆனால் அவள் பறவை பார்க்க என்று அந்தப் பக்கம் வந்ததே கிடையாது. சின்ன வயசில் சுள்ளி பொறுக்க வந்திருக்கிறாள், பாலாப்பழம் பொறுக்க வந்திருக்கிறாள். பூநாரையைப் பார்க்க ஊரிலிருந்து பணம் செலவழித்து வருகிற பைத்தியங்களைப் பற்றிச் சிரித்திருக்கிறாள். இப்போது பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லையே என்றாள். அவர் பக்கத்தில் வந்து அந்தச் சக்கரத்தை மெள்ளத் திருகினார். அவளுடைய விரல்மேல் அவருடைய விரல் பட்டது. வெங்காயம் உரித்து உரித்து அவளுக்கு விரல் நுனி காய்த்துப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கூட்டம் எழும்பியது. வெள்ளையாக நின்றதெல்லாம் இறக்கையை விரித்தவுடன் உள்பக்கச் சிவப்பு தெரிந்தது. வானத்தில் பாதி சிவந்துவிட்டது.

"இவ்வளவு செவப்பா?" என்றாள் அம்சம், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "நம்ம ஊர்லயா இது இருந்துச்சு?"

இப்போது சொல்லியிருக்கலாம். அவர் பூநாரை தின்கிற இறால் குஞ்சைப் பற்றியும் அதனால்தான் அந்தச் சிவப்பு வருகிறது என்பதைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கடற்கரை. நாகப்பட்டினத்துப் பக்கத்து மீனவர்கள் மீன் காலத்துக்காக வந்து குடிசை போட்டிருந்தார்கள். மணலில் கருவாடு காய்ந்தது. பெண்கள் செருப்பையும் பையையும் வைரக்கண்ணுவின் காலடியில் குவித்துவிட்டுக் கடலுக்கு ஓடினார்கள். அம்சமும் ஓடினாள். புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, கயல்விழியின் கையைப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் கத்திச் சிரித்தாள். அவருடன் வாழ்ந்த காலத்தில் அவள் கடலுக்கு அமாவாசைக்குத் தலை முழுக மட்டும்தான் வந்திருக்கிறாள். முழுகிவிட்டு ஈரத்தோடு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிடுவாள், அடுப்பில் வேலை கிடக்கிறது என்று. இப்படிச் சிரிக்கிற ஒருத்தி அவளுக்குள் இருந்தாள் என்பதே அவருக்குத் தெரியாது. செருப்புக் குவியலுக்குக் காவல் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமையாக இருந்தது. யார்மேல் என்று அவருக்கே பிடிபடவில்லை. அதோடு பயமும் வந்தது. இவளை இங்கே இருத்தி வைத்தால் இந்தச் சிரிப்பு இருக்குமா?

மத்தியானம் எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளையடித்த சுவரைப் பார்த்து, அண்ணன் ஒண்டியாக இருந்தும் வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார் என்றார்கள். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். விருந்தாளியாக உட்காருவதா, எழுந்து பரிமாறுவதா என்று அம்சம் ஒரு நிமிஷம் தயங்கியதை வைரக்கண்ணு பார்த்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் வந்தாள்.

குழம்பைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். கை தானாக மேல் தட்டுக்குப் போனது. அங்கே உப்பு ஜாடி இல்லை. அவள் எப்போதும் அதை மேல் தட்டில்தான் வைப்பாள், கீழே வைத்தால் கடல் காற்றுக்குக் கசிந்துவிடும் என்று. இவர் எக்கி எடுக்கச் சோம்பல்பட்டு அடுப்புக்குக் கீழே மூலையில் வைத்திருந்தார். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள்.

"உப்பு எங்கங்க வெச்சிருக்கீங்க?" என்றாள்.

அந்த வீட்டில் பிறந்தவள். தவழ்ந்ததும் நடந்ததும் அந்தத் தரையில். அவள் வேற்று வீட்டு அடுப்பங்கரையில் நின்று கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள். வைரக்கண்ணு குனிந்து ஜாடியை எடுத்துக் கொடுத்தார். அவள் ஒரு கை அள்ளிப் போட்டுக் கிளறினாள். அப்போதுதான் மிக்ஸியைப் பார்த்தாள்.

"புதுசா?"

"ம்."

"ஒத்த ஆளுக்கு எதுக்கு இவ்வளவு பெருசு?"

"தள்ளுபடியில போட்டிருந்தான்" என்றார்.

சாப்பாடு முடிந்து பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அம்சம் எச்சில் இலைகளைப் போடக் கொல்லைப் பக்கம் போனாள். வைரக்கண்ணு பின்னாலேயே போனார். புயலுக்குப் பிறகு அவர் வைத்த முருங்கை பூத்திருந்தது. அவள் குழாயடியில் கை கழுவினாள். யாருமில்லை. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று அவருக்குத் தெரிந்தது.

"திங்கக்கிழம தொறக்குறாங்களா?" என்றார்.

"ஆமா."

"செம்மொழி சொல்லுச்சு."

"என்ன சொல்லுச்சு?" அவள் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏதோ ரூம்பு குடுக்குறாங்களாமே."

"ஆமா. மாடியில. ஜன்னல் ரெண்டு பக்கமும் இருக்குங்குறாங்க."

"நல்லதுதான்" என்றார் வைரக்கண்ணு.

எங்கிருந்துதான் வந்ததோ அந்த வார்த்தை. சைக்கிளில் வரும்போது சொல்லிப் பார்த்தது ஒன்று, வாயில் வந்து விழுந்தது வேறு. அம்சம் கொஞ்ச நேரம் ஈரக்கையை உதறிக்கொண்டு நின்றாள். முருங்கை நன்றாக வந்திருக்கிறது என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

சாயந்தரம் ராமர் பாதத்துக்கு ஏறினார்கள். அந்தக் காட்டிலேயே உயரமான மேடு அதுதான். ஏறி நின்றால் ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் சதுப்பு, வெயில் சாய்கிற நேரத்தில் எல்லாம் மஞ்சளாகத் தெரியும். பெண்கள் மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணனும் அக்காவும் சேர்ந்து நில்லுங்கள் என்று கயல்விழி இரண்டு பேரையும் பிடித்து நிறுத்தினாள். இடையில் இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். கிட்டே வாங்க என்றாள் அவள். இவர் அரை அடி நகர்ந்தார், அம்சமும் அரை அடி நகர்ந்தாள்.

திரும்புகிற வழியில்தான் வீடு. வேன் வாசலில் நின்றது. வைரக்கண்ணு இறங்கினார். அம்சமும் இறங்கி வந்தாள். வீட்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பனியில் தலையை மூடிக்கொண்டு போங்கள், முருங்கைக் கீரையை வீணாக்காமல் ஆய்ந்து சமையுங்கள் என்று சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"வர்றேங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேன் படியில் ஒரு காலை வைத்தாள்.

"இரு" என்றார் வைரக்கண்ணு.

சொல்லிவிட்டார். எப்படியோ சொல்லிவிட்டார். படியில் வைத்த காலை அம்சம் கீழே எடுத்து வைத்தாள். உடம்பு முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்து நின்றாள். கயல்விழிகூட வாயைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் இருந்த முகமெல்லாம் அவரையே பார்த்தன.

"என்னங்க?" என்றாள் அம்சம்.

அத்தனை முகத்தையும் பார்த்தார். அவளுடைய முகத்தையும் பார்த்தார். மாடி ரூமும் இரண்டு பக்கத்து ஜன்னலும் கடலில் நின்று சிரித்த சிரிப்பும் ஒன்றாக வந்து கண் முன்னால் நின்றன.

"வர்றேன்" என்றார்.

"இரு" என்பதோடு "வர்றேன்" சேர்ந்துவிட்டால் தமிழில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கொஞ்சம் நில், இதோ வந்துவிடுகிறேன். அவ்வளவுதான், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. விடுவிடுவென்று வீட்டுக்குள் போனார். எதற்கு வந்தோம் என்று கூடத்தின் நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். எதையாவது எடுத்துக்கொண்டு போயாக வேண்டும். நெத்திலிக் கருவாடு ஒரு பையில் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள்.

"இதுக்குத்தானா?"

"ம். குடுக்க மறந்துட்டேன்."

"சரி" என்றாள். வேனில் ஏறி உட்கார்ந்தாள். வேன் நாலைந்து வீடு தாண்டிப் போனபிறகுதான் ஜன்னலில் அவள் கை தெரிந்தது.

வைரக்கண்ணு உள்ளே வந்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஜமுக்காளத்தைச் சுருட்டினார். அத்தனை பேருக்குச் சமைத்த பாத்திரத்தையும் ஒண்டியாகத் துலக்கிக் கவிழ்த்தார். அடுப்பங்கரையை ஒழுங்குபண்ணி விளக்கைப் போட்டபோது போன் அடித்தது.

"திருத்துறைப்பூண்டி தாண்டிட்டோம்" என்றாள் அம்சம். பின்னால் பெண்கள் பாட்டுப் பாடுகிற சத்தம் கேட்டது.

"சரி."

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"வேன்ல ஏறும்போது இருன்னு சொன்னீங்கள்ல. அது எந்த இரு?"

சதுப்பில் எத்தனையோ பேர் அவரை எதையெதையோ கேட்டிருக்கிறார்கள். பறவை எந்த ஊரிலிருந்து வருகிறது, எந்த மாசம் போகும் என்று கேட்டிருக்கிறார்கள். எதற்கும் அவர் பதில் தெரியாமல் நின்றது கிடையாது.

"கருவாடு எடுத்துட்டு வர்றதுக்குத்தான்" என்றார்.

"நான் வேற நெனச்சுட்டேன்."

வேன் எங்கோ மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது.

"திங்கக்கிழம வார்டனம்மா கேப்பாங்க" என்றாள். "சரின்னு சொல்லிடுறேன்."

"ம்."

"வெச்சிடட்டுமா?"

"இரு" என்றார்.

அவள் இருந்தாள். பாட்டு முடிந்து கைதட்டினார்கள். அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அவள் போனை வைக்கவில்லை.

"உப்பு ஜாடிய மேல் தட்டுலயே எடுத்து வெச்சுட்டேன்" என்றார் வைரக்கண்ணு. "நீ வெக்கிற எடத்துல. தேட வேண்டாம் பாரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பனிக்காற்று ஜன்னலில் அடிக்கும், ஜலதோஷம் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார். நினைக்க முடியவில்லை.

"இருக்கட்டும்" என்றாள் அம்சம். "அங்கயே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டாள்.

வைரக்கண்ணு மத்தியானம் மிஞ்சின குழம்பைச் சூடு பண்ணினார். தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். உப்பு சரியாக இருந்தது.